தவிட்டுக்குக் காவல்

மாடிக்காரர் ஒரு வெள்ளை எனாமல் டப்பாவை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு படி இறங்கி வந்தபோது, சின்னு வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். தூங்குகிற குழந்தையைத் தூக்கி வருகிறவர் மாதிரி ஒவ்வொரு படியையும் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார்.

"ஒரு உதவி கேக்கலாமாங்க?"

"கேளுங்க."

"வேலை விஷயமா வெளியூர் போறேன். வர ரெண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் இதைத் தினமும் ஒரு தடவை கிளறிவிடணும். கரண்டி கூடாது, கையாலதான்."

மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே ஈர மணல் மாதிரி பழுப்பாக ஏதோ இருந்தது. புளிப்பும் உப்புமாக ஒரு வாசனை எழுந்து வந்தது. மழையில் நனைந்த தானிய மூட்டையின் பக்கத்தில் நின்றால் வருமே, கிட்டத்தட்ட அது.

"என்னங்க இது?"

"தவிடு."

சின்னு அவர் முகத்தைப் பார்த்தாள். கேலி செய்கிற முகமாகத் தெரியவில்லை. அவர் கேலி செய்கிற ஆளும் இல்லை. ஜப்பானிய இயந்திரங்களுக்கான கையேடுகளை மொழிபெயர்ப்பதுதான் அவருக்குப் பிழைப்பு. 'இந்தத் திருகை மூன்று சுற்றுக்கு மேல் திருகாதீர்கள்' என்று நாள் முழுக்க எழுதிக்கொண்டிருக்கிறவருக்குப் பேச்சும் அளவாகத்தான் வரும். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே பேசினார். சில வருஷம் அந்த நாட்டில் வேலை பார்த்தாராம். ஆரம்பத்தில் சம்பளம் இழுபறி. அறைக்குப் பக்கத்து அரிசி மில்லில் தவிடு சும்மா கொடுப்பார்களாம். அதில் உப்பும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து வைத்து, வெள்ளரியோ முள்ளங்கியோ உள்ளே புதைத்தால் மறுநாள் ஊறுகாய். நுக்கா என்று அங்கே பெயராம். சோறும் அதுவுமாகவே பல மாதம் ஓடியதாம்.

"திரும்பி வரப்ப பெட்டியில ரெண்டு சட்டையை எடுத்து வெளியில வச்சுட்டு, இதுல ஒரு பிடி கொண்டுவந்தேன். அதை வச்சு வளர்த்ததுதான் இது. கிளறாம விட்டா மேல வெள்ளையா படர்ந்து, பெயிண்ட் நாத்தம் அடிக்க ஆரம்பிச்சிடும். அடியில இருக்கிறதை மேல கொண்டுவரணும், மேல இருக்கிறதை அடியில தள்ளணும். அப்புறம் தட்டிச் சமமாக்கி, ஓரத்தைத் துடைச்சு மூடிடணும். அவ்வளவுதான்."

"என்கிட்ட ஏங்க கொடுக்கறீங்க?"

அவர் சிரித்தார். சின்னுவின் கண் வழக்கம்போல அவருடைய இடது பக்க மேல் பல்லுக்குப் போனது. அந்தப் பல் அவள் செய்தது. பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கிற லேபில் அவளுக்கு வேலை. போன வருஷம் ஒரு நாள் டாக்டரிடமிருந்து வந்த பல் அச்சில் மாடிக்காரரின் பெயரைப் பார்த்து, அந்த ஒரு பல்லின் நிறத்துக்காக ஒரு முழு மத்தியானத்தைச் செலவழித்தாள். இது அவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள். அவர் சிரிக்கிறபோதெல்லாம் தன் வேலை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். முப்பத்திரண்டு வயதில் தனக்குத்தானே பொய் சொல்லிக்கொள்ள நல்ல பழக்கம் வந்துவிடுகிறது.

"சரி, வச்சுட்டுப் போங்க" என்றாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது டப்பாவைச் சுற்றி வீடே கூடியது.

"மாட்டுக்கு வைக்கிறதை மனுஷங்க திங்கறாங்களா? எங்க போய்ச் சொல்ல!" என்று அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணனுக்கு அல்வா கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. "ஏய் பல்செட்டு, உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்னு சின்ன வயசுல நான் சொன்னப்ப அழுதியே, ஞாபகம் இருக்கா? இப்ப பாரு, கொடுத்த தவிடு வட்டியோட திரும்பி வந்திருக்கு."

"உன்னைத் தவிட்டுக்குக் கூட யாரும் வாங்க மாட்டாங்க. உமிக்குத்தான் கேப்பாங்க" என்றாள் சின்னு.

அண்ணி சோற்றைப் பிசைந்த கையோடு எழுந்து வந்து, டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள். கண் விரிந்தது.

"சின்னு, இது நுக்காவா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஐயோ, தெரியாமலா! புதுசா திறந்திருக்கானே ஆத்தோரத்துல ஒரு ஜப்பான் ரெஸ்டாரண்ட், அங்க இதுல ஊறின வெள்ளரிக்காய் நாலே துண்டு கறுப்புத் தட்டுல வச்சுத் தருவான். அந்த நாலு துண்டுக்கு நம்ம வீட்டுக் காய்கறிச் செலவே முடிஞ்சிடும். அதையும் ஒரு மாசம் முன்னாடியே சொல்லி வச்சாத்தான் மேஜை கிடைக்கும்."

"அங்க மாடு கட்ட இடம் இருக்கா?" என்றான் அண்ணன். அண்ணி அவனைப் பார்த்த பார்வையில் அவன் தட்டைக் கழுவப் போய்விட்டான்.

அண்ணிக்கு மூன்று கல்லூரித் தோழிகள். மாதம் ஒருவர் வீட்டில் கூடுவார்கள். மற்ற மூவரும் நல்ல வசதியான இடத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள். அண்ணி மட்டும் மாமியார், நாத்தனாரோடு, மேலே வாடகைக்கு விட்ட பழைய வீட்டில். கொஞ்ச காலமாக அந்தக் கூட்டத்தை ஜப்பான் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. ஒருத்தி விருந்தினருக்கு எதிரிலேயே பச்சைத் தேயிலைத் தூளை சின்ன மூங்கில் மத்தால் நுரை வர அடித்துக் கொடுப்பாள். இன்னொருத்தி கடற்பாசியைக் கத்தையாகக் கட்டி, பட்டுத்துணி மாதிரி மடித்து வைத்திருப்பாள். மூன்றாமவள் கரிய இரும்புக் கெட்டில் ஒன்று வரவழைத்து, கூடத்தின் நடுவில் அதற்கென்று விளக்குப் போட்டிருந்தாள். அண்ணன் அவர்களுக்குப் பச்சைத் தூள், கடற்பாசி, கெட்டில் என்றே பெயர் வைத்துவிட்டான். நாளடைவில் அண்ணியே அப்படித்தான் சொல்ல ஆரம்பித்தாள்.

தன் முறை வரும்போதெல்லாம் அண்ணி, "வீட்டுல பெயிண்டிங் நடக்குதுப்பா" என்று தள்ளிப்போடுவாள். அந்தப் பெயிண்டிங் வருஷக்கணக்கில் நடந்துகொண்டிருந்தது.

"சின்னு" என்றாள் அன்று ராத்திரி, பாத்திரம் துடைத்தபடி. "அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை அவங்களைக் கூப்பிடட்டுமா? வெள்ளரிக்காய் மட்டும். ஒரே ஒரு தட்டு. டப்பாவைத் தொட மாட்டேன். நீயே புதைச்சு நீயே எடுத்துக் கொடு."

"அண்ணி, அது அவரோடது."

"வெள்ளரிக்காய் நம்மளோடதுதானே?"

அண்ணி எதையும் கெஞ்சிக் கேட்கிறவள் இல்லை. சின்னு காய்ச்சலில் படுத்தபோது அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். சின்னு சரி என்றாள்.

கிளறுவது அவளுக்குப் பிடித்துப்போனது. லேபில் பிளாஸ்டரும் மெழுகும் தொடுகிற கை. அங்கே எதைத் தொட்டாலும் கொஞ்ச நேரத்தில் இறுகிக் கல்லாகிவிடும். இது இறுகவில்லை. குளிர்ச்சியாக விரல்களுக்கு இடையே வழிந்தது. கையை வெளியே எடுத்தால் திரும்பிப் படுத்துக்கொண்டது. ஒரு வாரத்தில் வாசனையை வைத்தே அதற்கு உடம்பு சரியா இல்லையா என்று தெரிந்தது. அம்மா கூட மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, "இன்னைக்குக் கொஞ்சம் புளிப்பு ஏறியிருக்கு இல்ல?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டாள்.

சனிக்கிழமை ராத்திரி வெள்ளரிக்காயை உப்பில் தேய்த்துப் புதைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை லேபிலிருந்து அழைப்பு. ஒரு மேடைப் பாடகரின் மேல்வரிசைப் பல்செட் இரண்டாக உடைந்துவிட்டது. மறுநாள் அவருக்குக் கச்சேரி. சின்னு வெள்ளரிக்காயை எடுத்து, கழுவி, நறுக்கி, அண்ணி கடன் வாங்கி வைத்திருந்த கறுப்புத் தட்டில் அடுக்கிவிட்டு ஓடினாள். போகிறபோதே டப்பாவைச் சமையலறை மூலையில் தள்ளி, மேலே ஒரு துணியும் போட்டுவிட்டுத்தான் போனாள்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது அந்த எனாமல் டப்பா பளபளவென்று கழுவி, பாத்திரக் கூடையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"நல்லாத் தேய்ச்சு வச்சிருக்கேன்" என்றாள் அம்மா பெருமையாக. "அந்தத் தம்பி வந்து பாத்தா புதுசுன்னு நினைச்சுக்கும்."

சின்னு டப்பாவை நிமிர்த்தினாள். உள்ளே ஒரு பொட்டுத் தவிடு இல்லை. சோப்பு வாசனை வந்தது.

"அண்ணி!"

அண்ணி கூடத்திலிருந்து முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். விருந்து முடிந்து இவ்வளவு நேரமாகியும் அந்தச் சிரிப்பு அணையவில்லை. "சின்னு, நீ பாத்திருக்கணும்! கெட்டில் இருக்காளே, எதையும் ஒரு வாய்க்கு மேல தொடமாட்டா. தட்டை வழிச்சுட்டா. 'இதுக்கு முன்னாடி நம்ம கெட்டில் எல்லாம் என்னடி'ன்னு பச்சைத் தூள் அவ காது கேக்கவே சொல்றா. டப்பாவைப் பாக்கணும்னாங்க, காட்டினேன். ஒரு பிடி தாயேன்னு கேட்டாங்க. வந்தவங்களை வெறுங்கையோடவா அனுப்ப முடியும்?"

"ஒரு பிடிதானே கேட்டாங்க?"

"கண்ணாடிச் சீசா மூணு இருந்துச்சு. ஒருத்திக்கு நிறைய, ஒருத்திக்குக் குறைச்சல்னு கொடுக்க முடியுமா? சமமா போட்டு, ரிப்பன் கட்டி..." அப்போதுதான் அவள் சின்னுவின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல இறங்கியது. "தவிடுதானே சின்னு? மில்லுல வாங்கி, உப்புப் போட்டுப் பிசைஞ்சு வச்சிடலாம். அவருக்குத் தெரியவா போகுது?"

"ரெண்டு சட்டையை விட்டுட்டுக் கொண்டுவந்தது அண்ணி அது."

இதைச் சொல்லிவிட்டுச் சின்னு காலி டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். வெறும் தவிட்டுக்கு இப்படியுமா என்று அண்ணி ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு அவளுக்கு விளங்கிவிட்டது. பெண்களுக்கு இதெல்லாம் விளங்க ஒரு நிமிஷமே அதிகம்.

"அடிப்பாவி" என்றாள் மெதுவாக. "எத்தனை நாளா?"

"எதுவும் இல்ல."

"எதுவும் இல்லாததுக்கா கண்ணுல தண்ணி நிக்குது? ஏன் என்கிட்ட சொல்லல? சொல்லியிருந்தா தவிட்டுக்குக் காவலே இருந்திருப்பேனே." நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அவர் எப்ப வர்றார்?"

"புதன்கிழமை."

"வண்டிச் சாவியை எடுத்து வை. நாளைக்குச் சாயங்காலம் ஆபீஸ் முடிஞ்சதும் போறோம்."

"எங்க?"

"கொடுத்ததைத் திருப்பிக் கேக்க. என் மானம் போனாப் போகட்டும், வேற என்ன பண்றது?"

மறுநாள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணி வழி நெடுக ஒத்திகை பார்த்தாள். "அதுல ஒரு சின்னக் கோளாறுன்னு சொல்லலாமா? இல்ல, இன்னும் நல்ல ரகம் தரேன், இதைக் கொடுங்கன்னு கேக்கலாமா?"

முதலில் பச்சைத் தூள் வீடு. கதவைத் திறந்தவளின் முகம் எண்ணெய் தேய்த்த செம்பு மாதிரி மின்னியது.

"வாடி வா! நீயே சொல்லு, எப்படி இருக்கு?" என்று கன்னத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். "ஜப்பான்காரிங்க தோல் அப்படி இருக்கிறதுக்கு இந்தத் தவிடுதான் காரணமாமே. நேத்து ராத்திரி முகத்துக்கு, இன்னைக்குக் காலையில கைகாலுக்கு. சீசா காலி. இன்னொன்னு கிடைக்குமா?"

"உப்பு எரியலையா?" என்றாள் சின்னு தாங்கமாட்டாமல்.

"எரிஞ்சாத்தானே வேலை செய்யுதுன்னு அர்த்தம்!"

படியிறங்கி வண்டிக்கு வந்தார்கள். ஸ்கூட்டரைக் கிளப்பிய பிறகு முதுகுக்குப் பின்னால் ஒரு குலுங்கல். அழுகிறாளோ என்று சின்னு வண்டியை ஓரம் கட்டினாள். அண்ணி சிரித்துக்கொண்டிருந்தாள். "அவ மூஞ்சியை நாலு நாள் கழிச்சுப் பாக்கணும்டி. வெள்ளரிக்காயா வெளியில வரும்." சின்னுவும் சிரித்துவிட்டாள்.

அடுத்து கடற்பாசி. அவளிடமும் சீசா இல்லை. "என் வீட்டுக்காரரோட மேலதிகாரி வீட்டம்மாவுக்கு நேத்தே கொண்டுபோய்க் கொடுத்துட்டேன்" என்றாள் ரகசியமாக. "அவங்க வீட்டுல இல்லாத பொருள் இந்த ஊர்லயே இல்ல. என்ன கொண்டுபோறதுன்னு மூளையைக் கசக்கிட்டிருந்தேன். தெய்வம் மாதிரி நீ கொடுத்தே. 'இது அபூர்வமாச்சே'ன்னு அந்தம்மாவே வாய்விட்டுச் சொன்னாங்க."

"அவங்க சாப்பிட்டாங்களா?"

"யாருக்குத் தெரியும்? அவங்க அதை யாருக்குக் கொடுக்கப் போறாங்களோ!"

மிச்சம் கெட்டில் வீடு மட்டும்தான். மின்தூக்கியில் மேலே போகும்போது அண்ணி கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து முடியை ஒதுக்கினாள். "இவகிட்டதான் எனக்குப் பயம்" என்றாள். "கல்யாணத்துக்கு முன்னாடி நானும் அவளும் ஒரே தட்டுல சாப்பிட்டவங்க. இப்ப அவ வீட்டுல எங்க உக்காரணும்னே தெரியமாட்டேங்குது."

அந்தக் கூடத்தில் எல்லாமே வெள்ளை. நடுவில் கண்ணாடிப் பேழை. அதில் ஒரு விளக்கின் கீழ் இரும்புக் கெட்டில், இன்னொரு விளக்கின் கீழ் ரிப்பன் அவிழாத சீசா. விளக்குச் சூட்டில் உள்ளே இருந்த தவிடு பொங்கி, மூடியை முட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல்கள் அனைத்தும் திறந்து கிடந்தன. அப்படியும் நெடி அடித்தது.

அண்ணி ஒத்திகை பார்த்த எதையும் சொல்லவில்லை. உட்காரக்கூட இல்லை.

"அந்தச் சீசாவைத் திருப்பிக் கொடுடி" என்றாள். "அது என்னோடது இல்ல. மாடியில குடியிருக்கிறவரோடது. பாத்துக்கச் சொல்லி இவகிட்ட கொடுத்துட்டுப் போயிருந்தார். கேக்காம எடுத்து உங்களுக்குக் கொடுத்துட்டேன். பெயிண்டிங்கும் நடக்கல. எங்க வீடு எப்பவுமே அப்படித்தான் இருக்கும்."

சின்னு தரையைப் பார்த்தாள். கெட்டில் எழுந்து, பேழையைத் திறந்து, சீசாவை விரல் நுனியால் எடுத்து வந்து அண்ணியின் கையில் வைத்தாள்.

"தாராளமா எடுத்துட்டுப் போ" என்றாள். "நேத்துலேருந்து இந்தக் கூடத்துல உக்கார முடியல. வேலைக்காரம்மா ரெண்டு தடவை எலி செத்துக் கிடக்கான்னு தேடிட்டாங்க. தூக்கிப் போடவும் மனசு வரல. யாராவது வந்து 'எங்க அந்த நுக்கா'ன்னு கேட்டா என்ன சொல்றது?"

"நேத்து தட்டை வழிச்சியே!"

"வெள்ளரிக்காய் நல்லா இருந்துச்சு, பொய் சொல்லல. ஆனா அதோட குடித்தனம் பண்ண முடியுமா?" கெட்டில் சிரிக்க ஆரம்பித்தாள். "அந்தக் கெட்டில்ல நாங்க ஒரு நாள் கூடத் தண்ணி கொதிக்க வச்சதில்ல. முதல் வாரமே உள்ள துருப்பிடிச்சுப் போச்சு. உக்காருடி. சாதாரணப் பாத்திரத்துல டீ போட்டுத் தரேன், குடிச்சுட்டுப் போ."

அண்ணி உட்கார்ந்தாள். எங்கே உட்காருவது என்று யோசிக்கவில்லை.

திரும்புகிற வழியில் அரிசி மில். அண்ணி கறுப்புக் கண்ணாடியோடு போய்ப் புதுத் தவிடு கேட்டாள். மில்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எத்தனை மாடும்மா?" என்றார்.

"ஒண்ணே ஒண்ணுதாங்க. வீட்டுக்காரர்."

தவிட்டை வறுத்து, ஆறவைத்து, உப்புத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, சீசாவில் மிஞ்சியதை அதில் கலந்தார்கள். விளக்குச் சூட்டில் அதைப் புளிக்கவைக்கிற நுண்ணுயிர்களில் எத்தனை செத்ததோ, எத்தனை பிழைத்ததோ தெரியாது. மாடிக்காரர் செல்போனில் காட்டிவிட்டுப் போயிருந்த மாதிரி முட்டைகோஸின் முரட்டு இலைகளைத் தீனியாகப் புதைத்தாள் சின்னு. டப்பா பழையபடி நிறைந்தது. ஆனால் மூடியைத் திறந்தால் பழைய வாசனை இல்லை. வெறும் பச்சைத் தவிட்டு வாசனை.

"பாத்தா வித்தியாசம் தெரியலையே" என்றாள் அண்ணி செவ்வாய்க்கிழமை. "மூணுல ஒரு பங்கு அவரோடதுதான். நீயா எதுவும் சொல்லாதே. கேட்டா பாத்துக்கலாம்."

சின்னு டப்பாவை மூடினாள். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவர் டப்பாவை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போவார். நன்றி சொல்வார். சிரிப்பார். அந்தப் பல்லை அவளால் அதன்பிறகு நேராகப் பார்க்க முடியாது. அவ்வளவுதான் நடக்கும். அதுவே அவளுக்குப் பெரிய இழப்பாகப் பட்டது.

புதன்கிழமை அவர் பெட்டியைக் கீழே வைப்பதற்குள்ளேயே சொல்லிவிட்டாள். விருந்து, சீசா, ரிப்பன், விளக்கு ஒன்றையும் விடவில்லை. வெள்ளரிக்காய் கொடுக்கச் சம்மதித்தது தான்தான் என்பதையும் சேர்த்தே சொன்னாள். முகத்தில் பூசிய கதையை மட்டும் கொஞ்சம் வேகமாகக் கடந்தாள்.

மாடிக்காரர் மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டார். அடிவரைக்கும் போய், ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் சின்னுவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஊருக்குப் போன இடத்தில் யாரோ இறந்துபோன செய்தி கேட்டவர் மாதிரி நின்றார்.

"சரிங்க" என்றார். கையைக் கழுவினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறிவிட்டார். டப்பாவை எடுத்துப் போகவில்லை.

சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மா, "திட்டிட்டுப் போயிருக்கலாம் அந்தத் தம்பி" என்றாள்.

அன்று சாப்பாட்டின்போது அண்ணி, "நான் மாடிக்குப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வரேன்" என்று எழுந்து போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். "'பரவாயில்லைங்க'ன்னார். அதுக்கு மேல என்ன பேசறதுன்னு அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல."

மறுநாள் காலை சின்னு வழக்கம்போல டப்பாவின் முன் உட்கார்ந்தாள். அவர் எடுத்துப் போகாவிட்டால் என்ன, கிளறாமல் விட முடியுமா? கை முழங்கைவரை உள்ளே இருக்கும்போது பின்கதவுப் பக்கம் செருப்புச் சத்தம். மாடிக்காரர் கையில் ஒரு முள்ளங்கியோடு நின்றிருந்தார்.

"இலையை மாத்திட்டீங்களா?"

"இப்பத்தான். பழசு ஒரே உப்பு."

"முதல்ல அப்படித்தான் இருக்கும்." எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஒரு துளி தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "அடியில கொஞ்சம் பழைய வாசனை இருக்கு. பிழைச்சிடும். நேத்து எனக்குப் பேச வரல. தப்பா எடுத்துக்காதீங்க."

"நீங்க திட்டியிருக்கலாம்."

"திட்டத்தான் நினைச்சேன். மாடிக்குப் போய் யோசிச்சா அந்த முகத்துல பூசின அம்மாதான் ஞாபகத்துக்கு வந்தாங்க." உதட்டைக் கடித்துக்கொண்டார். "அங்க என் கூட வேலை பார்த்த பையன் ஒருத்தன், இந்த டப்பாவைத் திறந்தாலே ஜன்னலைத் திறந்துடுவான். இந்த நாத்தத்தை யார் இன்னும் வீட்டுல வச்சிருக்காங்கன்னு கேப்பான். அது இங்க வந்து விளக்கு வெளிச்சத்துல உக்காந்திருக்குன்னு சொன்னா நம்பவே மாட்டான்."

"கோபம் இல்லையா, அப்ப?"

"இருக்கு. கொஞ்ச நாள் இருக்கும்." இதை அவர் கையேட்டில் எழுதுகிற மாதிரியே சொன்னார். "ஆனா நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்கு இன்னும் கஷ்டமா இருந்திருக்கும். கையை விட்ட உடனே தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சும் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டேன்."

சின்னு தவிட்டைத் தட்டிச் சமமாக்கினாள். அவர் துணியை எடுத்து ஓரத்தைத் துடைத்தார். இதைச் செய்ய இரண்டு பேர் தேவையில்லை.

"மாடிக்கு எடுத்துட்டுப் போறீங்களா?" என்றாள், அவரைப் பார்க்காமல்.

"வேண்டாம். இது தேறி வர ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் இடம் மாத்தக் கூடாது. நான் தினமும் காலையில இறங்கி வந்து பாத்துட்டுப் போறேன்."

"இடம் மாத்தக் கூடாதுன்னு எந்தக் கையேட்டுல போட்டிருக்கு?"

"எதுலயும் போடல" என்றார். "நானே சொல்றேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவள் பார்வை தன்னையறியாமல் போகிற இடத்துக்குப் போனது. அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"நிறம் சரியாத்தான் இருக்குங்க" என்றார். "டாக்டர் அப்பவே சொன்னார், உங்க கீழ்வீட்டுப் பொண்ணு செஞ்சதுன்னு. வாயில இருக்கிற பல்லுக்கே உங்களை நம்பியிருக்கேன். தவிட்டைக் கொடுக்க யோசிப்பேனா?"

சின்னுவுக்குக் காதுவரைக்கும் சூடேறியது. முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினாள். கையெல்லாம் தவிடு.

"பூசிக்காதீங்க, எரியும்" என்றார் அவர்.

ஒரு மாதம் என்பது இழுத்துக்கொண்டே போனது. முள்ளங்கி நன்றாக ஊறி, அம்மா சோற்றோடு இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பிறகும், மாடிக்காரர் "இன்னும் கொஞ்சம் தேறணும்" என்றே சொல்லி வந்தார். தவிட்டைப் பார்க்க வருகிறவர் தலையை வாரிக்கொண்டு வருவதை அம்மா கவனித்தாள். அண்ணியின் தோழிகள் மறுபடி வந்தார்கள். பச்சைத் தூளின் முகம் இப்போது சரியாகிவிட்டது. இன்னொரு சீசா கேட்டவளிடம் அண்ணி, "தர்றதுக்கு இல்லடி, அது சம்பந்தி வீட்டுச் சொத்து ஆகப் போகுது" என்று சொல்லிவிட்டு உதட்டில் விரலை வைத்தாள்.

கடைசியில் அம்மாவே ஒரு காலையில் டப்பாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏன் தம்பி, இன்னும் எத்தனை நாள் இப்படி ரெண்டு பேரும் ஒரு டப்பாவைச் சுத்தி உக்காந்திருக்கப் போறீங்க? பெரியவங்க யாராவது இருந்தா வரச் சொல்லுங்க, பேசிடலாம்."

உள்ளறையிலிருந்து அண்ணனின் குரல் கேட்டது. "அப்பவே சொன்னேனே! தவிட்டுக்கு வாங்கினதைத் தவிட்டுக்கே கொடுக்கறோம். கணக்கு நேர்!"

மாடிக்காரர் கை கழுவ எழுந்தார். சின்னு எழவில்லை. அவளுக்கு இன்னும் ஓரம் துடைக்க வேண்டியிருந்தது.